பொறுப்பாசிரியர் கையெழுத்து: மாணவர் மன்றங்களின் பலமும் பலவீனமும்

தமிழகக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் ஒரு மன்றம் நடத்த நினைத்தால் முதலில் ஓர் ஆசிரியரைத் தேட வேண்டும். தமிழ் மன்றமோ, குறும்படக் குழுவோ, ட்ரோன் செய்யும் குழுவோ, எதுவானாலும் அதற்குப் பொறுப்பாசிரியர் ஒருவர் இருந்தாக வேண்டும். மாணவர் பேச்சில் அவர் 'ஸ்டாஃப் இன்சார்ஜ்'. அரங்கம் எடுக்கவும், அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டவும், வெளியிலிருந்து ஒருவரைப் பேச அழைக்கவும், நிகழ்ச்சிக்காக ஓடியாடிய மாணவர்களுக்கு ஓ.டி. ('ஆன் டியூட்டி' வருகைப்பதிவு) வாங்கவும் அவருடைய கையெழுத்து வேண்டும். அதற்குப் பிறகுதான் கடிதம் துறைத் தலைவரிடமும் முதல்வரிடமும் போகும்.

இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. கட்டுப்பாடு என்று மாணவர்கள் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. சிக்கல் எங்கே என்றால், பணம், பாதுகாப்பு, பேச்சு என்ற மூன்று வெவ்வேறு பொறுப்புகளை அந்த ஒரே கையெழுத்துக்குள் திணித்து வைத்திருக்கிறோம். பணத்துக்கு அது நல்ல காவல். பாதுகாப்புக்கு அது போதாது. பேச்சுக்கு அது தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் இருப்பதால் கெடுதலும் செய்கிறது. மாணவர் மன்றங்களுக்கு விதி எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் இன்றைய குறைகளில் பெரும்பகுதி தீரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வந்த வழி

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நடத்தும் கழகம் இந்தியக் கல்லூரிகளுக்குப் புதியதன்று. கல்கத்தா இந்துக் கல்லூரியில் ஹென்றி டெரோசியோ 1826இல் ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. 1828இல் அவர் தலைமையில் 'அகாடமிக் அசோசியேஷன்' என்ற விவாதக் கழகம் உருவானது. விதியா முயற்சியா, கடவுள் உண்டா, உருவ வழிபாடு சரியா என்றெல்லாம் மாணவர்கள் அங்கே வாதிட்டார்கள். பழமையை மதித்த குடும்பங்கள் கொதித்தன. 1831 ஏப்ரலில் கல்லூரி நிர்வாகக் குழு டெரோசியோவை வெளியேற்ற முடிவு செய்தது. அவர் பதவி விலகினார். அதே ஆண்டு டிசம்பரில் 22 வயதில் இறந்தும் போனார். மாணவர்கள் பேசியதற்கு ஆசிரியர் விலை கொடுத்த வரலாறு அன்றே தொடங்கிவிட்டது.

இங்கிலாந்திலும் நிலைமை அப்போது மேலானதாக இல்லை. 1815இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் யூனியன் விவாதக் கழகத்தை இரண்டே ஆண்டில், 1817இல், பல்கலைக்கழகத் துணைவேந்தர் நிறுத்தினார். நடப்பு அரசியலைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு 1821இல்தான் அது மறுபடி கூடியது. ஆனால் அதே கேம்பிரிட்ஜ் பின்னாளில் வேறொரு பாதைக்கு வந்தது. அங்கே பதிவு பெறும் மாணவர் சங்கங்களுக்கு 'சீனியர் ட்ரெஷரர்' என்று பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் இருக்கிறார். கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய முதல் வேலை. பிரித்தானிய மாதிரியில் 1942இல் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வழியில் வந்த பல்கலைக்கழகங்களிலும் இதே முறை உண்டு. அங்குள்ள தமிழ் மாணவர் சங்கங்களில் பெரும் பொருளாளர் ஆசிரியராகவும் இளம் பொருளாளர் மாணவராகவும் இருப்பார்கள்.

தமிழகத்தின் பொறுப்பாசிரியர் முறை இவற்றிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் மாறுபடுகிறது. நம் பொறுப்பாசிரியருக்குப் பணம் மட்டும் பொறுப்பில்லை. யார் செயலாளர், என்ன தலைப்பு, யார் விருந்தினர், எத்தனை மணிக்குக் கூட்டம் முடிய வேண்டும் என்பது வரை எல்லாம் அவர் தலையில் விழுகிறது. எழுதிய விதி பெரும்பாலும் இருப்பதில்லை. "சார் ஓகே சொல்லிட்டாரு" என்பதே விதியாக இருக்கிறது.

நன்மைகள்

இந்த முறையைக் குறை சொல்லுமுன் அது தருவதை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தொடர்ச்சி. கலைக் கல்லூரியில் மாணவர் மூன்று ஆண்டும் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டும் இருக்கிறார். முதலாண்டில் கற்றுக்கொள்கிறார், இறுதியாண்டில் வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்கு ஓடுகிறார். மன்றத்தை நடத்துவதற்கு அவருக்கு உண்மையில் கிடைப்பது ஓர் ஆண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு. போன ஆண்டு எந்தக் கடையில் ஒலிபெருக்கி எடுத்தார்கள், எந்த விருந்தினர் வரச் சம்மதித்துவிட்டுக் கடைசி நாளில் வராமல் போனார், எந்த வவுச்சர் தணிக்கையில் திரும்பி வந்தது என்பதெல்லாம் யாராவது ஒருவர் நினைவில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

இரண்டாவது, கதவு திறக்கும் ஆற்றல். 1960களில் இலங்கையின் பேராதனையில் நடந்தது இதற்குச் சிறந்த சான்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புப் பகுதியின் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொண்டுவந்தார். கிராமத்து வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, கற்றவர் பலர் மதிக்காமல் ஒதுக்கியிருந்த கூத்து, சுருக்கமாகச் செப்பம் பெற்று மேடையேறியது. 'கர்ணன் போர்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று அடுத்தடுத்து வந்தன. இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் ஈழத்து அரங்கியலின் முதன்மையான பேராசிரியர்களில் ஒருவரானார். மாணவர்கள் மட்டும் இதைக் கேட்டிருந்தால் அரங்கமோ பணமோ மதிப்போ எளிதில் கிடைத்திருக்காது. ஆசிரியர் தம் பெயரை முன்னே வைத்தார். அந்தப் பெயர் மாணவர்களுக்கு வழிவிட்டது.

மூன்றாவது, பெரிய முயற்சிகளுக்கு நிறுவனத்தின் துணை. சென்னை ஐஐடியில் மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையத்திலிருந்து எழுந்த 'அவிஷ்கார்' ஹைப்பர்லூப் குழு, 2019இல் ஸ்பேஸ்எக்ஸ் அமெரிக்காவில் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்று வரை சென்றது. உலோகம் வெட்டும் இயந்திரமும் மின்கலமும் உயர் அழுத்த மின்சாரமும் புழங்கும் இத்தகைய இடத்தில் அனுபவமுள்ள ஆசிரியர் இல்லாமல் மாணவர்களை விடக்கூடாது. அங்கே ஆசிரியர் "வேண்டாம்" என்று சொல்லும் இடங்கள் மாணவர்களின் கையையும் கண்ணையும் காக்கும் இடங்கள்.

பணம்: கையெழுத்து தேவைப்படும் இடம்

மாணவர் மன்றங்கள் அடிக்கடி சறுக்குவது பணத்தில். பெரும் மோசடியைச் சொல்லவில்லை, கணக்கின்மையைச் சொல்கிறேன். நுழைவுக் கட்டணத்தைச் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணில் வாங்குகிறார்கள். ஸ்பான்சர் கொடுத்த தொகை ஒருவர் கணக்கில் விழுகிறது. மேடைக்கும் உணவுக்கும் இன்னொருவர் அப்பாவிடம் கடன் வாங்கிக் கொடுக்கிறார். நிகழ்ச்சி முடிந்த மகிழ்ச்சியில் பில்கள் தொலைகின்றன. அடுத்த மாதம் நண்பர்களுக்குள் சந்தேகம் முளைக்கிறது. யாரும் திருடவில்லை. ஆனால் திருடவில்லை என்று காட்ட யாரிடமும் தாள் இல்லை.

இங்கே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கு பெரிய பாதுகாப்பு. ஆசிரியருக்குத் தெரியாமல் மாணவர் எடுக்க முடியாது. மாணவருக்குத் தெரியாமல் ஆசிரியரும் எடுக்க முடியாது. இந்த இரண்டாவது பாதி நம் கல்லூரிகள் பலவற்றில் விடுபட்டுப் போகிறது. பருவக் கட்டணத்தோடு கலை நிகழ்ச்சிக்கென்று மாணவர்களிடம் தொகை வாங்கப்படுகிறது; அதில் எவ்வளவு எந்த மன்றத்துக்குப் போனது என்பது மாணவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. முதலில் கைக்காசைப் போட்டுச் செலவு செய், பில் கொடு, பிறகு பணம் வரும் என்கிறார்கள். அந்தப் பிறகு பல மாதங்கள் நீளும்போது, வீட்டில் பணம் இருக்கும் மாணவர் மட்டுமே மன்றத் தலைவராக முடியும் என்ற நிலை தானாக உருவாகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை திறமை இருந்தும் பின்வரிசையில் நிற்கிறது. கணக்கு விதி சாதாரண எழுத்தர் வேலைபோலத் தெரியலாம். யார் தலைவராகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பாதுகாப்பு: கையெழுத்து போதாத இடம்

2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப விழாவில் இசை நிகழ்ச்சிக்குக் கூட்டம் திரண்டது. திறந்தவெளி அரங்கின் வாயிலில் நெரிசல். மழை பெய்ததும் வெளியே நின்றவர்கள் உள்ளே பாய, படிக்கட்டில் விழுந்தவர்கள்மீது மற்றவர்கள் விழுந்தார்கள். நான்கு இளம் உயிர்கள் போயின. எவ்வளவு பேர் வருவார்கள் என்று யார் கணித்தது, காவல்துறைக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்ற கேள்விகள் பிறகுதான் எழுந்தன.

ஒவ்வொரு கல்லூரி விழாவிலும் இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை இருக்க வேண்டும். கணிதமோ வரலாறோ கற்பிக்கும் ஆசிரியருக்குக் கூட்ட நெரிசலைக் கையாளும் பயிற்சி கிடையாது. அரங்கின் கொள்ளளவு, வெளியேறும் வழிகள், மின்சார இணைப்பு, ஆம்புலன்ஸ், காவல்துறை அனுமதி ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கென்று பயிற்சி பெற்ற அலுவலர் கையில் இருக்க வேண்டிய வேலை. அதை ஓர் ஆசிரியரின் கையெழுத்தோடு முடித்துவிடுவது விபத்தைத் தடுக்காது. விபத்துக்குப் பின் பழி சுமக்க ஒருவரைத் தயாராக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

பாதுகாப்பின் பெயரால் நடக்கும் இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் மாணவிகள் ஒத்திகைக்கு இருக்கக்கூடாது, பெண் ஆசிரியர் கூட வராவிட்டால் போட்டிக்குப் போகக்கூடாது என்ற விதிகள் பல வளாகங்களில் உண்டு. ஆண் மாணவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பது தொடர்பாகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதி மாணவிகளுக்கு மட்டும் பாகுபாடான விதிகள் போடக்கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. விடுதிக்குப் பொருந்தும் நியாயம் மன்றத்துக்கும் பொருந்தும். முக்கிய முடிவுகள் எல்லாம் மாலை ஏழு மணிக்கு மேடைக்குப் பின்னால் எடுக்கப்படுகின்றன என்றால், ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்படும் பெண் எப்படித் தலைவராவாள்? துணைச் செயலாளர் பதவியும் வரவேற்புரையும் மட்டுமே அவளுக்கு மிஞ்சுகின்றன.

பேச்சு: கையெழுத்து தேவையில்லாத இடம்

சென்னை ஐஐடியில் 2014 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளில், அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அதன் துண்டறிக்கைகள் பற்றி மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் பெயரில்லாப் புகார் ஒன்று போனது. அமைச்சகம் அதை நிறுவனத்துக்கு அனுப்பியது. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அங்கீகாரம் தந்த சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியது என்று காரணம் சொல்லப்பட்டது. எங்களிடம் விளக்கமே கேட்கவில்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

அனுமதியின்றி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்பது நிறுவனத் தரப்பு எடுத்துக்காட்டிய விதி. அந்த விதியில் தவறில்லை. ஒரு மாணவர் குழுவின் கருத்தை நிறுவனத்தின் கருத்தென்று வெளியார் எண்ணிவிடாமல் இருக்க அது வேண்டும். "இது இம்மன்றத்தின் கருத்து மட்டுமே" என்று துண்டறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தீர்த்திருக்கக்கூடிய ஒன்றை, அமைப்பின் உயிரையே பறித்துத் தீர்க்க முயன்றது பிழை. அதைவிடப் பெரிய பிழை வரிசையில் இருக்கிறது: முதலில் தண்டனை, அப்புறம் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக்கூடாது என்று சட்ட வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழகங்கள், தம் மாணவர்களுக்கு அந்த நீதியை மறுப்பது கல்விக்கே முரண்.

அந்த நிகழ்வு செய்தியானதால் நமக்குத் தெரிகிறது. செய்தியாகாதவை ஏராளம். தலைப்பை மாற்றச் சொல்வார்கள், கவிதையில் இரண்டு வரியை எடுக்கச் சொல்வார்கள், பேச அழைத்தவரை வர வேண்டாமெனச் சொல்லச் சொல்வார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது. ஆசிரியரைக் குற்றம் சொல்லவும் மனம் வருவதில்லை. சுயநிதிக் கல்லூரியில் அவர் வேலைக்கு உறுதியில்லை. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தால் அடுத்த ஆண்டு பணி தொடருமா என்பதே தெரியாது. டெரோசியோவுக்கு நேர்ந்தது தமக்கு நேரக்கூடாது என்று அவர் அஞ்சுகிறார். அஞ்சுகிறவர் கையில் அனுமதி அதிகாரத்தைக் கொடுத்தால் அவர் எல்லாவற்றுக்கும் "எதுக்குப்பா வம்பு" என்றே சொல்வார். மாணவரின் பேச்சுரிமை கடைசியில் ஆசிரியரின் பணிப் பாதுகாப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. கட்டுப்பாடு இல்லாவிட்டால் வெளியிலிருந்து கட்சிகளும் சாதிச் சங்கங்களும் உள்ளே நுழையும் என்கிறார்கள். இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பின், கல்வி நிலையங்களில் சாதி உணர்வைக் களைய வழி சொல்லும்படி நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைக்க வேண்டி வந்த மாநிலம் இது. ஆனால் சாதிக் குழுக்கள் பொறுப்பாசிரியரிடம் கடிதம் கொடுத்து இயங்குவதில்லை. அவை விடுதி அறையிலும் பேருந்துத் தடத்திலும் வாட்ஸ்அப்பிலும் வளர்கின்றன. பல ஊர், பல சாதி மாணவர்கள் ஒரே மேடையில் வாதிட்டுப் பழகும் திறந்த மன்றம்தான் அவற்றுக்கு மாற்று. திறந்த மன்றத்தை மூடினால் மூடிய குழுக்களுக்குத்தான் ஆள் சேரும்.

தாளில் வாழும் மன்றங்கள்

இன்னொரு நோய் புதியது. கல்லூரிகளைத் தரப்படுத்தும் தேசியக் குழுவான 'நாக்'கின் மதிப்பீட்டில் மாணவர் செயல்பாடுகளுக்கும் மதிப்பெண் உண்டு. நல்ல நோக்கம்தான். ஆனால் சான்றாக அறிக்கையும், இடமும் நேரமும் பதிந்த புகைப்படமும், வருகைப் பட்டியலும் வேண்டும் என்றானபின் பல கல்லூரிகளில் மன்றங்கள் கோப்புக்காகப் பிறக்கின்றன. நுகர்வோர் மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், வாக்காளர் விழிப்புணர்வு மன்றம் என்று பட்டியல் நீள்கிறது. ஒரே மாணவர்கள் வேறு வேறு பதாகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓர் ஆசிரியருக்கு மூன்று மன்றம். அவருடைய பணிப்பளுவில் ஒன்றுக்கும் கணக்கில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தோடு இதை ஒப்பிடலாம். 1969இல் தொடங்கிய அத்திட்டத்தில் தொண்டர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. திட்ட அலுவலரான ஆசிரியருக்குப் பயிற்சி தருகிறார்கள். அவர் வேலை என்ன என்பது எழுத்தில் இருக்கிறது. பொறுப்பை வரையறுத்தால் அது தாங்கக்கூடியதாகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அங்கே திட்டமும் கருப்பொருளும் பெரும்பாலும் மேலிருந்து வருகின்றன. அந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டு, திசையை மாணவர்களிடம் விடுவதே மன்றங்களுக்குப் பொருந்தும்.

மாணவர் தரப்பின் பொறுப்பு

எல்லாக் குறையையும் ஆசிரியர்மீதும் நிர்வாகத்தின்மீதும் போடுவது நேர்மையாகாது. மாணவர்களே நடத்தும் மன்றங்களில் பதவி, சீனியரிடமிருந்து அவருக்குப் பிடித்த ஜூனியருக்குப் போகிறது. ஒரே துறை, ஒரே விடுதி, சில இடங்களில் ஒரே ஊர் என்று வட்டம் குறுகுகிறது. புதியவர்களுக்கு நாற்காலி தூக்கும் வேலை. முடிவெடுப்பது நான்கு பேர். கூட்டக் குறிப்பு எழுதுவதில்லை, கணக்கு வாசிப்பதில்லை.

மாணவர் பேரவைத் தேர்தல்களுக்கு லிங்டோ குழு தந்த பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் ரூ. 5000க்கு மேல் செலவிடக்கூடாது, 75 விழுக்காடு வருகை வேண்டும், அச்சிட்ட சுவரொட்டி கூடாது என்று அவை விரிவாகப் பேசுகின்றன. ஆனால் தமிழகத்தில் பல கல்லூரிகளில் பேரவைத் தேர்தலே நடப்பதில்லை. அதனால்தான் மன்றங்களின் முக்கியத்துவம் கூடுகிறது. ஒரு தீர்மானத்தை முன்மொழிவது, எதிர்ப்பவரைப் பேசவிடுவது, தோற்றபின் பெரும்பான்மை முடிவுக்காக உழைப்பது, பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்வது ஆகியவற்றை இருபது வயதில் பழகிக்கொள்ள நம் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கும் இடம் மன்றம்தான்.

எப்படிப் பிரிப்பது

ஆகவே ஒவ்வொரு மன்றத்துக்கும் இரண்டு பக்கத்தில் எழுதிய அமைப்பு விதி வேண்டும். அதில் பதவிக்காலம் ஓர் ஆண்டு, தேர்வு உறுப்பினர் வாக்கால், ஒருவருக்கு ஒரு பதவி ஒரு முறை என்று இருக்கட்டும். பணத்துக்கு இருவர் கையெழுத்து. பருவம்தோறும் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிப்பு. கைக்காசு போடத் தேவையில்லாதபடி முன்பணம். பெரிய கூட்டங்களின் பாதுகாப்பை நிறுவனத்தின் அலுவலர் ஏற்க வேண்டும். அரங்கின் கொள்ளளவைத் தாண்டினால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே வேண்டும். மாணவிகளுக்கென்று தனி நேரக் கட்டுப்பாடு கூடாது. எல்லாருக்கும் ஒரே நேரம், எல்லாருக்கும் போக்குவரத்து.

பேச்சுக்கு முன்னனுமதி கூடாது. தலைப்பையும் விருந்தினரையும் தெரிவித்தால் போதும். சட்டத்துக்குப் புறம்பானது என்று நிர்வாகம் கருதினால் காரணத்தை எழுத்தில், குறிப்பிட்ட நாட்களுக்குள் தரட்டும். மாணவர் பிரதிநிதிகளும் இடம்பெற்ற குழுவிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்கட்டும். அங்கீகாரத்தை நீக்கும் முன் மன்றத்தின் விளக்கத்தைக் கேட்பது கட்டாயமாகட்டும். பெயரில்லாப் புகார் எதற்கும் போதுமான ஆதாரமாகக் கூடாது.

பொறுப்பாசிரியரை மாணவர்கள் கேட்டு, அவரும் மனமுவந்து ஏற்க வேண்டும். அவர் செலவிடும் நேரம் பணிப்பளுவில் சேர வேண்டும். மன்றத்தில் மாணவர் பேசியதற்காக அவர்மீது நடவடிக்கை இல்லை என்று விதியிலேயே எழுத வேண்டும். இந்தக் கடைசி வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. அது இருந்தால் வித்தியானந்தனைப்போல் மாணவர்களுக்கு முன்னால் நிற்க ஆசிரியர்கள் பலர் வருவார்கள். அது இல்லாதவரை மிக நல்ல ஆசிரியரும் அனுமதி மறுக்கும் காவலராகவே இருக்க நேரும். ஒரு கல்லூரி தன் மாணவர்களை நம்புகிறது என்று சொல்வதற்கு முதல் சான்று, அது தன் ஆசிரியர்களுக்குத் தரும் இந்த உறுதிமொழிதான்.